கோலமும் மூலமும்

நடிகர் பூண்ட ஆடையைப் பொருள் கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக் காப்போரைக் கண்டு உலகம் நகைக்கிறது. அதிலும், வானவெளிக் கப்பலிலும் வேற்றுக் கோளிலும் நிகழ்வதாகக் காட்டப்படும் தொலைக்காட்சி நாடகங்களின் ஆடைகளைத் தேடித் திரிவோர் என்றால் நகைப்பு இன்னும் மிகுகிறது. நடவாத கதை, இல்லாத உலகம், அதில் ஒருவர் இட்ட சட்டை. அச்சட்டையில் மூலம் எது, போலி எது என்று ஆராய்வதில் அறிவுடையோர் பொழுதைப் போக்கலாமோ என்று கேட்போர் பலர். ஆயினும் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் நெறியை அறிந்த தமிழாசிரியர் ஒருவர் இத்துறையைச் சற்று உற்று நோக்குவாராயின், அங்கு நிகழ்வது தமக்கு நன்கு பழகிய வேலையே என்பதைக் கண்டுகொள்வார்.

சொல்லிலிருந்து தொடங்குவது நன்று. நடிப்பிற்கென அமைந்த ஆடையை 'உடை' என்று மட்டும் குறிப்பது போதாது. அது கடைவீதியில் வாங்குவதற்கும் பொருந்தும் சொல். 'வேடம்' என்பதிலோ ஏமாற்று என்னும் நிழல் படிந்துவிட்டது. 'கோலம்' என்னும் பழஞ்சொல்லே இங்குப் பொருத்தமுடையது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலும் ஒவ்வொன்றும் தனக்குரிய அணியோடு ஆடப்பெற்றதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். ஆடல் மாறக் கோலமும் மாறும். கோலம் என்பது ஆடுவாரின் மேற்போர்வை அன்று, ஆடலின் உறுப்பு. இவ்வேறுபாட்டை மறந்ததனால்தான் ஆடை சேகரிப்போரும் அவரை நகைப்போரும் ஒருங்கே வழுவுகின்றனர்.

அணிந்தாரின் பெருமையே ஆடையின் பெருமை என்பது பொதுவாக நிலவும் கருத்து. சென்னைத் தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்திற்குச் செல்வோர் காண விழைவது அவர்தம் உடைமைகளை. கோலாலம்பூர்ச் செதாப்பாக்கில் பி. ரம்லி இறுதிவரை வாழ்ந்த வீடு 1986இல் நினைவகமாக்கப்பட்டு, தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருந்து வருகிறது. அங்குச் செல்வோரும் அக்கலைஞரின் உடல் தொட்ட பொருளைக் காணவே செல்கின்றனர். இது பழுதன்று. பெரியோரின் பாதுகையை வழிபட்ட நாட்டில் இது வியப்பும் அன்று. மர்லின் மன்றோ அணிந்த வெள்ளை ஆடை ஒன்று 2011இல் தரகு நீங்கலாக 46 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதும் இவ்வுணர்ச்சியினாலேயே ஆகும்.

ஆனால் அறிவியற் புனைவுக் கோலங்களுக்கு இக்கருத்துச் செல்லாது. 1956இல் வெளிவந்த 'ஃபார்பிடன் பிளானட்' என்னும் படத்திற்காகச் செய்யப்பட்ட ராபி என்னும் இயந்திர மனிதன், பின்னர் 'டுவைலைட் ஸோன்', 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' முதலிய தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றிற்று. இயந்திரம் என்று சொல்லப்பட்டாலும், அது ஒரு மனிதர் உள்ளே நின்று இயக்கிய கோலமே. 2017 நவம்பரில் அது 53 இலட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. உள்ளே நின்றவர் முகத்தைத் திரையில் கண்டவர் எவரும் இலர்; குரலும் அவருடையது அன்று. அணிந்தாரின் பெருமையால் வந்த விலை அன்று இது. அவ்வாறாயின் விலை எதற்கு? செய்தவரின் கைவினைக்கும், திரையில் கண்ட அவ்வுருவம் இதுவேதான் என்னும் உறுதிக்கும். பின்னதை மெய்ப்பிப்பதே சேகரிப்போரின் கலை. சுவடிப் பதிப்போடு அது நெருங்கும் இடமும் அதுவே.

'ஸ்டார் டிரெக்' தொடரை எடுத்துக்கொள்வோம். 1966 செப்டம்பர் முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பாகிய இத்தொடருக்கு ஆடை வகுத்தவர் வில்லியம் வேர் தைஸ். கப்பலின் தலைவர் பொன்னிறச் சட்டை அணிந்திருந்தார் என்பது பார்த்தவர் அனைவரும் அறிந்தது. உண்மையில் அச்சட்டை பச்சை. படப்பிடிப்பு விளக்கொளியிலும் படச்சுருளின் தன்மையிலும் அப்பச்சை பொன்னாக மாறிவிட்டது என்று தைஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார். அதே நிறத்தை வேறு துணியில் தைத்தபோது அது பச்சையாகவே படத்தில் விழுந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளில் வெல்வெட்டு வாங்கும் பெண்கள், ஒருபுறம் தடவினால் வெளிறியும் மறுபுறம் தடவினால் கறுத்தும் தோன்றும் அத்துணியின் இயல்பை நன்கறிவர். ஒளி என்பது துணியோடு விளையாடும். படச்சுருள் அவ்விளையாட்டை இன்னும் பெருக்கும்.

இதனால் விளைந்த முரண்பாடு சுவையானது. திரையில் கண்டதை நம்பிப் பொன்னிறத் துணியில் சட்டை தைத்து மூலம் என்று விற்க முற்படுவோன் அந்நிறத்தாலேயே பிடிபடுகிறான். 'இது பச்சையாக இருக்கிறதே, போலியன்றோ' என்று ஐயுறத் தோன்றும் சட்டையே மூலமாக நிற்கிறது. ஏடெழுதுவோர் தமக்கு விளங்காத அருஞ்சொல்லை நீக்கி அறிந்த எளிய சொல்லைப் பெய்துவிடுவர் என்பதும், ஆதலின் இரு பாடங்களுள் அரிதாய் நிற்பதே மூலத்திற்கு அணிமையதாதல் கூடும் என்பதும் பதிப்பாசிரியர் அறிந்தவை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியபோது பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கிய உழைப்பும், இன்று ஒருவர் சட்டையின் கைவிளிம்பில் தைத்த பொற்பின்னல் எந்தத் தையலில் வளைகிறது என்று நிறுத்திய படத்தோடு ஒப்பிடும் உழைப்பும் பயனால் வேறுபட்டவை, முறையால் ஒன்றே.

துணியே காலத்தைச் சொல்லும். அத்தொடரின் முதல் இரண்டு பருவச் சட்டைகள் வெலூர் என்னும் மென்மயிர்த் துணியால் ஆனவை. அவை வெளுக்குந்தோறும் சுருங்கின, நடிகருக்கு இறுகின. மூன்றாம் பருவத்தில் நைலான் பின்னல் துணிக்கு மாற்றினர். எனவே இரண்டாம் பருவத்துக் காட்சியில் அணிந்ததாகச் சொல்லப்படும் சட்டை நைலானாக இருப்பின் மேலும் ஆராய வேண்டியதில்லை. 1987இல் தொடங்கிய அடுத்த தொடரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. உடலோடு ஒட்டி இழுத்த துணி முதுகை வருத்துகிறது என்று நடிகர் முறையிட, மூன்றாம் பருவம் முதல் ராபர்ட் பிளாக்மன் கம்பளித் துணிக்கு மாற்றினார். எதிர்கால மனிதர் எதை உடுத்துவர் என்பதை முடிவு செய்தது, கற்பனையை விட, சலவையும் முதுகு வலியுமே போலும்!

இவ்வளவு சான்றுகள் இருந்தும் மயக்கம் நேரவே செய்கிறது. காரணம், ஒரு கோலத்திற்கு ஒரே மூலம் என்பது இல்லை. முதன்மை நடிகருக்கு இரண்டு மூன்று. வீழ்ந்து புரள்பவருக்கு வேறு. ஒளியமைக்கும்போது மாற்றாளாக நிற்பவருக்கு வேறு. ஒருமுறை அணிந்தவை மீண்டும் வெட்டித் தைக்கப்பட்டு வேறு கதைக்குப் போவதும் உண்டு. 'ஃபார்பிடன் பிளானட்' படத்துக் கப்பலோட்டிகளின் ஆடைகள் 1958இல் 'குவீன் ஆஃப் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் வேறு மனிதர் உடம்பில் ஏறின. ஓலையைச் சுரண்டிவிட்டு மேலே வேறு நூல் எழுதியது போன்ற நிலை இது. அவ்வாடை எந்தப் படத்திற்குரிய மூலம்? இரண்டிற்கும் என்பதே நேர்மையான விடை. ஆனால் ஏலக்காரர் எந்தப் பெயர் விலைபோகுமோ அதனையே முதலில் எழுதுவர்.

2006 அக்டோபரில் நியூயார்க்கில் 'ஸ்டார் டிரெக்' பொருள்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை மூன்று நாள் ஏலம் விடப்பட்டு, 70 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டின. அங்கு வாங்கிய ஒரு நெற்றிமறைப்பை ஒருவர் அதனை அணிந்த நடிகரிடமே எடுத்துச் சென்று கையொப்பம் கேட்டாராம். தாம் அணிந்தது அது அன்று என்று நடிகர் சொல்லிவிட்டதாகக் கூறி, வாங்கியவர் நீதிமன்றத்தை நாடினார். சான்றிதழ் ஒருபுறம், அணிந்தவர் நினைவு மறுபுறம். நடிகரின் சொல்லும் முடிந்த முடிபு ஆகிவிடாது. பல ஆண்டு கழிந்தபின் ஒருவர் தாம் அணிந்த தொப்பியை நினைவு கூர்வதில் பிழை நேரலாம். நூலாசிரியரே தம் பாட்டை மாற்றிச் சொல்வதில்லையா? இங்கு வேண்டுவது பொருளும் படமும் நேருக்கு நேர் நிற்கும் ஒப்புநோக்கே.

அப்படமே இல்லாது போனால்? பி.பி.சி. நிறுவனத்தின் 'டாக்டர் ஹூ' தொடர் 1963 நவம்பர் 23இல் தொடங்கிற்று. (மலேசியாவில் தொலைக்காட்சி தோன்றியது அதே ஆண்டு டிசம்பர் 28இல்.) அந்நாளில் நாடாக்கள் விலைமிக்கவை, பழைய நாடகத்தை அழித்துப் புதியதைப் பதிவு செய்வது வழக்கம். அவ்வாறு அழிந்தவற்றுள் இத்தொடரின் 90க்கு மேற்பட்ட பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை. 1966 அக்டோபரில் சைபர்மேன் என்னும் இயந்திர மாந்தர் முதன்முதல் தோன்றிய நான்கு பகுதிக் கதையின் இறுதிப் பகுதியும் அவற்றுள் ஒன்று. அவர்க்குக் கோலம் வகுத்தவர் சான்ட்ரா ரீட் என்னும் பெண்மணி. முகம் முழுதும் துணி சுற்றி, கைகளை மட்டும் மனிதக் கையாகவே விட்டுவைத்த அவ்வமைப்பு, பின்வந்த பளபளக்கும் உலோக உருவங்களைக் காட்டிலும் அச்சம் தருவது. மனிதனாய் இருந்தவன் என்பதை அக்கை நினைவூட்டுகிறதன்றோ?

படம் அழிந்த இடத்தில் துணைநிற்பவை, இரசிகர் வீட்டில் பதிவு செய்த ஒலிநாடாக்களும், ஜான் க்யூரா என்பவர் தொலைக்காட்சித் திரையினின்றே எடுத்த நிழற்படங்களும் ஆகும். வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாய்க் கிட்டாமல், உரையாசிரியர் எடுத்தாண்ட செய்யுட்களாலும் தொகைநூற் பகுதிகளாலும் அறியப்படும் நிலையை ஒத்தது இது. எஞ்சிய துணி ஒன்று கிடைக்குமாயின், அதுவும் அழிந்த நாடகத்தின் ஒரு செய்யுள்.

மலாய்ப் படவுலகில் இத்தகைய இழப்பு மிக அருகில் உள்ளது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படக்கூடத்திலும் அதற்குப் போட்டியாக எழுந்த கூடத்திலும் 1950களில் படம் இயக்கியோருள் இந்தியர் பலர். எல். கிருஷ்ணன் 1950இல் இயக்கிய 'பக்தி'யே ரம்லியைக் கதைத்தலைவராக்கிற்று. பணி மஜும்தார் 1956இல் 'ஹங் துவா'வை வண்ணத்தில் எடுத்தார். பி.என். ராவ் 1957இல் இயக்கிய 'பொந்தியானாக்' பெரும்புகழ் பெற்றது. ஆனால் அதன் படச்சுருள் இன்று இல்லை. மரியா மெனாடோ பூண்ட அப்பேய்க் கோலத்தின் ஆடை இது என்று நாளை ஒருவர் ஒரு துணியைக் கொண்டுவந்தால், அதனை ஒப்புநோக்க எஞ்சியவை சில நிழற்படங்களே.

காலம் துணியை மட்டும் விட்டுவைக்குமா எனின், அதுவும் இல்லை. எகிப்தில் கிடைத்து இலண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் உள்ள தர்கான் ஆடை 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது, ஆளிநாரால் நெய்தது. அறிவியற் புனைவுக் கோலங்களோ எதிர்காலத்தைக் காட்ட வேண்டி நுரைரப்பரையும் நெகிழிகளையும் நாடின. நுரைரப்பர் காற்றுப்பட்டே இறுகித் துகளாகிறது. பாலியூரித்தேன் நுரை ஈரத்தால் சிதைந்து பிசுபிசுத்து உதிர்கிறது. இருபது முப்பது ஆண்டு தாங்கினால் பெரிது. வெயிலும் மழையும் ஓயாத இந்நாட்டில், ஸ்ரீ கெம்பாங்கான் வரிசை வீடொன்றின் அலமாரியில் அத்தகைய முகமூடியை வைத்தவர் பூஞ்சணத்தோடும் ஈரத்தோடும் நாள்தோறும் போராட வேண்டியவரே. ஓலைக்கு இராமபாணப் பூச்சி, நுரைக்கு ஈரக்காற்று. அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் அளவிற்கு மேல் ஒளி படாது காப்பதும் இவ்வச்சத்தால்தான்.

இங்குச் சேகரிப்போரிடையே நிலவும் ஒரு பூசலைக் கருத வேண்டும். உதிர்ந்த நுரையை அகற்றிப் புதிது வைக்கலாமா? கழுத்துப்பட்டையில் படிந்த அரிதாரத்தை வெளுக்கலாமா? அழகாய் வைக்க விரும்புவோர் ஆம் என்பர். இது ஏற்கத்தக்கது அன்று. சிதைந்த ஏட்டில் எழுத்து இல்லாத இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுபவர் பதிப்பாசிரியர். தாமே ஓர் அடி பாடி நிரப்புபவர் இடைச்செருகல் செய்பவர். அரிதாரக் கறையும் வியர்வைத் தடமும் அழுக்கு அல்ல, அவை சான்று. அவற்றை வெளுத்தவர் தம் கைப்பொருளின் ஒரே சாட்சியைக் கழுவி விட்டவர் ஆவார். புதிதாகச் செருகிய பகுதியைப் புதிது என்று தோன்றுமாறு வேறுபடுத்தி வைப்பதை மட்டும் ஒருவாறு ஒப்பலாம்.

சேகரிப்போர்மேல் சுமத்தத்தக்க குறை வேறொன்று. அணிந்த நடிகர் பெயரை அறிவர். வகுத்த தைஸ் பெயரையும் அறிவர். வெட்டித் தைத்த கைகளைப் பற்றி வினவுவார் அரியர். ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அக்கைகளே தெரிகின்றன: அவசரத்தில் போட்ட பெருந்தையல், நடிகர் பருத்தபோது பக்கம் பிரித்துவிட்ட இடம், மறைத்து வைத்த இழுவைப்பூட்டு. பிரிக்பீல்ட்ஸ் தையற்கடையில் விழாக்கால நெருக்கடியில் வேலை செய்தவர் எவரும் அவ்வுட்புறத்தை ஒரே பார்வையில் படித்துவிடுவர்.

தமிழ்த் திரைக்கு இத்துறையில் வரலாறு இல்லாமல் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் சேர்ந்து 1952இல் எடுத்த 'காடு' படத்தில், பனிக்கால மாமத விலங்குகளாக நடித்தவை மயிர்ப்போர்வை அணிவித்த யானைகள். இத்துணைப் பெரிய கோலம் தைத்த தையற்காரர் அரியர். 2010இல் வந்த 'எந்திரன்' படத்திற்கு ஆடை வகுத்தோருள் மேரி வோக்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் ஒருவர். இவ்விரண்டிற்கும் இடையில், 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்க எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி', வேற்றுக் கோளினர் பூமிக்கு வந்து பாடகி ஒருத்தியைக் கொண்டுபோகும் கதை. படம் இன்றும் காணக் கிடைக்கிறது. ஆனால் அது கறுப்பு வெள்ளைப் படம். அவ்வேற்றுலகத்தார் எந்த நிறத்தை உடுத்தினர் என்பதை எத்தனை முறை பார்த்தாலும் அதனின்று அறிய இயலாது.