கோடு போட்ட பிறகு

பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு நாட்டின் மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். ஈரோடு மாநகராட்சி எல்லைக்குள் அதைப்போல நான்கு நாடுகளை வைத்துவிடலாம். அதற்குப் பக்கத்து நாடான கிரிபாத்திக்கு நிலம் 811 சதுர கிலோமீட்டர்தான். அதற்குரிய கடலோ ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிடச் சற்று அதிகம். இப்படிப்பட்ட நாடுகளுக்குக் கடல்தான் சொத்து. அந்தச் சொத்தின் எல்லையைக் கணக்கிடவும், பக்கத்து நாட்டோடு பேசி முடிக்கவும், முடித்ததைச் சட்டமாக்கி ஐ.நா.விடம் பதியவும் இருபது ஆண்டுகளாக வெளியிலிருந்து உதவி போய்க்கொண்டிருக்கிறது. பசிபிக் சமூகம் என்ற வட்டார அமைப்பு, ஆஸ்திரேலிய அரசின் புவி ஆய்வு நிறுவனம், காமன்வெல்த் செயலகம் ஆகியவை அதில் முக்கியமானவை. இந்த உதவி நல்லது, தேவையானது. ஆனால் எந்தக் கடலில் யார், எப்படி, எத்தனை நாள் மீன்பிடிக்கலாம் என்பதையும் கோட்டோடு சேர்த்து எழுதாவிட்டால், அந்த உதவி பாதியில் நின்ற வேலை. நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு ஐம்பது ஆண்டுச் சான்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணையில் கிடக்கிறது.

முதலில் இந்த உதவியின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தப்படி, நீர் வற்றும்போது கரை எங்கே தெரிகிறதோ அந்தக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் நாட்டுக் கடல். 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். அக்கம்பக்கத்தில் வேறு நிலமில்லாத ஒரு சிறு தீவு இந்தக் கணக்கில் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலைப் பெற்றுத் தரும். தமிழ்நாட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். பவளத்திட்டின் விளிம்பை எந்த இடத்தில் குறிப்பது என்பதில் பிசகினால் மண்டலத்தின் விளிம்பும் பிசகும். காலனிக் காலக் கடற்படைகள் வரைந்த பழைய வரைபடங்களில் தீவுகள் இருக்குமிடமே தவறாகக் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. செயற்கைக்கோள் படமும் நேரடி அளவையும் கொண்டு அவற்றைத் திருத்த ஆள்பலமும் கருவியும் வேண்டும்; சில ஆயிரம் மக்களே உள்ள நாட்டில் இரண்டும் அரிது. பசிபிக் திட்டத்தின் சிறப்பு, வல்லுநர்கள் தாங்களே வரைந்து நீட்டிவிடாமல், ஒவ்வொரு நாட்டின் அளவையாளர்களையும் சட்ட அலுவலர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து அவர்கள் கையாலேயே கணக்குப் போட வைத்ததுதான். பக்கத்து நாட்டுக்காரரும் அதே கூடத்தில், அதே முறையில் கணக்குப் போடுகிறார். தகராறு தொடங்கும் முன்பே பாதி கரைந்துவிடுகிறது. வட்டாரத்தில் பேசித் தீர்க்கவேண்டிய சுமார் 48 எல்லைகளில் முக்கால் பங்குக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது. கடல் எல்லைக்காகக் கப்பல் படைகள் முறைத்துக்கொண்டு நிற்கும் தென்சீனக் கடலை நினைத்தால் இதன் அருமை புரியும்.

கோடு போட்டதால் வந்த காசும் கண்கூடு. நவ்ரு உடன்படிக்கை நாடுகள் எட்டும் தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் அந்நிய வலைக் கப்பல்களுக்கு 2007 முதல் மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்று கூட்டாக வரம்பு கட்டி, அதை நாடுகளுக்குள் பங்கிட்டு, குறைந்தபட்ச விலையும் வைக்கிறார்கள். 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருவாய் பத்தாண்டுக்குள் 50 கோடியை நெருங்கியது. ஒரு கப்பல் இன்று யார் கடலில் நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் இந்தக் கணக்கு ஒரு நாள்கூட ஓடாது. அதே சமயம், இந்த வெற்றி கோட்டால் மட்டும் வந்ததில்லை. எட்டு நாடுகளும் கோட்டைத் தாண்டி ஒன்றாகப் பேரம் பேசியதால் வந்தது. தனித்தனியே விற்றிருந்தால் கப்பல் நிறுவனங்கள் ஒருவரைக் காட்டி இன்னொருவரின் விலையைக் குறைத்திருக்கும். எல்லை துல்லியமாக இருந்ததால்தான் எல்லை தாண்டிக் கூட்டுச்சேர முடிந்தது என்பதைப் பாக் நீரிணையைப் பற்றிப் பேசும்போது மறக்கக்கூடாது.

உதவியின் இன்னொரு பயன் கடல்மட்ட உயர்வை ஒட்டியது. கரை பின்வாங்கினால், அங்கிருந்து அளக்கும் கோடும் பின்வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை, ஒருமுறை முறைப்படி அறிவித்த மண்டலம் அப்படியே நிற்கும் என்று பசிபிக் தீவு மன்றம் 2021 ஆகஸ்டில் பிரகடனம் செய்தது. அறிவித்த வரைபடத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய கடமை நாடுகளுக்கு இல்லை என்று சர்வதேச நீதிமன்றமும் 2025 ஜூலையில் தந்த ஆலோசனைக் கருத்தில் கூறியது. தீவு மறைவது நமக்கும் கண்ட அனுபவம்தான். இந்தியாவும் வங்கதேசமும் பல்லாண்டுகள் உரிமை கொண்டாடிய நியூமூர் தீவு, 1970 புயலுக்குப் பின் தலைகாட்டிய மணல்மேடு. பிறகு அது கடலுக்குள்ளேயே போய்விட்டது. 2014இல் நடுவர் மன்றம் தகராறிலிருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் கடலில் 19,467ஐ வங்கதேசத்துக்குத் தந்தது. இந்தியா அந்தத் தீர்ப்பை ஏற்றது. பெரிய நாடு சிறிய நாட்டிடம் சட்டப்படி தோற்கவும் அதை மதிக்கவும் முடியும் என்பது, கோடு என்ற கருவியின் மேல் நம்பிக்கை வைக்கப் போதிய காரணம்.

இனி குறைகள். உதவுபவருக்கும் கடலில் நலன் உண்டு என்பது முதலாவது. பசிபிக்கில் அளவை வல்லுநர்களை அனுப்பும் அதே ஆஸ்திரேலியா, கிழக்குத் தைமூர் விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2002 மார்ச்சில், கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பிலிருந்து விலகிக்கொண்டது. நடுவே எண்ணெயும் எரிவாயுவும் கிடந்தன. 2004 பேச்சுவார்த்தையின்போது தைமூரின் அமைச்சரவை அறைகளில் ஒட்டுக்கேட்புக் கருவி வைத்ததாகவும் புகார் எழுந்தது. நடுக்கோட்டு எல்லை, கட்டாய சமரச நடைமுறைக்குப் பிறகு 2018 மார்ச்சில்தான் ஒப்பந்தமாயிற்று. உதவியே சூது என்று இதை வைத்து முடிவுகட்டுவது நியாயமாகாது. பசிபிக்கில் நடந்த வேலை பயன்தந்த வேலை. ஆனால் தனக்குப் பங்கில்லாத கடலில் காட்டும் தாராளத்தைத் தன் வாசலில் காட்டாத நாட்டின் உதவியைச் சிறிய நாடுகள் வட்டார அமைப்பின் வழியாகப் பெறுவதே பாதுகாப்பு.

இரண்டாவது குறை ஆழமானது. எல்லை ஒப்பந்தம் அரசுக்கும் அரசுக்கும் நடப்பது. அந்தக் கடலில் தலைமுறையாகத் தொழில் செய்பவர் அந்த மேசையில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள 1974க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் டெல்லியிலும் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை இணைத்து எல்லை வகுத்தது. சுமார் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது. மீன்பிடி உரிமை என்று வெளிப்படையாக எழுதவில்லை. இல்லாத அந்தச் சொல்லைச் சுற்றித்தான் அரை நூற்றாண்டு வழக்கு நடக்கிறது. 1974 ஆகஸ்டில் தமிழக சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1976 ஜனவரி 31இல் அன்றைய தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது. ஏழு வாரம் கழித்து, நெருக்கடி நிலைக்கு நடுவே, மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் அதையொட்டிப் பரிமாறிய கடிதங்களில், ஒருவர் நீர்ப்பரப்பில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் நுழைந்தது. ராமேஸ்வரத்தின் தொழிலை நிர்ணயித்த வரி ஒரு கடிதத்தில் எழுதப்பட்டது. எழுதிய நேரத்தில் தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லை.

அளவையில் பார்த்தால் அந்த எல்லையில் பெரிய குறை சொல்ல முடியாது. பேசி முடித்த எல்லை, இன்றுவரை இரு அரசும் மதிக்கும் எல்லை. குறை அந்த மேசையில் பேசப்படாமல் விட்டதில் இருக்கிறது. முதல் ஒப்பந்தத்துக்கு நான்கே ஆண்டு கழித்து, 1978 டிசம்பரில், ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும் டோரஸ் நீரிணைக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் இதே சிக்கல்: குறுகிய கடல், இரு கரையிலும் உறவுக்காரர்கள், ஒரு நாட்டின் கரையை ஒட்டியே இன்னொரு நாட்டின் தீவுகள். நீரிணைத் தீவு மக்கள் தங்களைப் பிரிக்கும் கோட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதனால் கடலடி உரிமைக்கு ஒரு கோடு, மீனுக்கு வேறொரு கோடு என்று வகுத்தார்கள். நடுவே ஒரு பாதுகாப்பு மண்டலத்தை உண்டாக்கி, அங்கே மரபுவழி மக்கள் கடவுச்சீட்டின்றிப் போய்வரவும் மீன்பிடிக்கவும் வழி செய்தார்கள். வணிக மீன்பிடியில் இரு நாட்டுக்கும் பங்கு என்பதையும் எழுதினார்கள். நிர்வாகத்துக்கு இது தலைவலி பிடித்த ஏற்பாடுதான். உரிமை யாருக்கு உண்டு, எந்த ஊர்க்காரர் மரபுவழி மக்கள் என்ற வாக்குவாதம் ஓயாது. ஆனாலும் வாக்குவாதத்துக்கு ஒரு மேசை இருக்கிறது. பாக் நீரிணையில் அந்த மேசைக்குப் பதிலாகக் கைதும் படகுப் பறிமுதலும் இருக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சிக்கல் கோட்டில் இல்லை, இழுவைமடி வலையில் இருக்கிறது என்பது. அதில் பெரும் உண்மை இருப்பதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஒப்புக்கொள்ளத் தயங்கக் கூடாது. 1974இல் மரபு என்று நினைத்துப் பேசியது பாய்மரத்தையும் சிறு வலையையும். அதன்பின் பெருகிய விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியையே உழுதுகொண்டு போகிறது. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்த யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்கள் 2009க்குப் பிறகு திரும்பியபோது, தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் படகுகளைக் கண்டார்கள். அவர்களும் தமிழர்கள், நம்மைவிட ஏழைகள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அது நியாயமான சட்டம். ஆனால் இந்த மறுப்பு கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: கோட்டுக்கு இரு பக்கமும் எந்த மடி கூடாது என்று இரு அரசும் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு 1976இலேயே இருந்திருந்தால், இத்தனை விசைப்படகுகளுக்குக் கடன் கொடுத்துக் கட்ட வைத்திருப்போமா? மீன் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஒரு பக்கத்தில் அழித்தால் இரு பக்கமும் குறையும். கோடு மட்டும் இருக்கும் இடத்தில், அடுத்தவன் பிடிப்பதற்குள் நாம் பிடித்துவிடுவோம் என்ற அவசரம்தான் வளரும்.

கச்சத்தீவை மீட்பதே தீர்வு என்ற குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2008இல் உச்ச நீதிமன்றம் போன ஜெயலலிதாவின் மனு, 2025 ஏப்ரலில் பேரவை போட்ட தீர்மானம் எல்லாவற்றின் பின்னாலும் உண்மையான வேதனை இருக்கிறது. தமிழ்நாட்டைக் கேட்காமல் செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீவு இன்று கைக்கு வந்தாலும் விசைப்படகுகள் தேடிப்போகும் மீன் கச்சத்தீவைச் சுற்றி மட்டும் இல்லை. படகுகள் பிடிபடும் இடங்கள் பல அதைத் தாண்டி, நெடுந்தீவு பக்கத்தில். ஒரு கோட்டை நகர்த்தினால் தகராறும் சில மைல் நகரும், அவ்வளவே. கையெழுத்தான எல்லையைக் கலைக்கலாம் என்று நாமே வாதிட்டால், பசிபிக்கின் சிறு நாடுகள் எதை நம்பிக் கோடு போட்டனவோ அந்த அடித்தளத்தையும் அசைக்கிறோம்.

பாக் நீரிணைக்கு வேண்டியது நவ்ரு உடன்படிக்கை நாடுகள் கண்ட வழி: எல்லையை அப்படியே வைத்துக்கொண்டு நாட்களைப் பங்கிடுவது. இது நம் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. ராமநாதபுரம் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் தாங்களே பேசி, ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்துவது என்ற அளவுக்கு வந்தார்கள். இரு அரசும் அதற்கு முத்திரை வைக்கவில்லை. 2016இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு கைதானவரை விடுவிப்பது பற்றியே அதிகம் பேசுகிறது. விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 2017இல் வந்த திட்டம், ஒன்று 80 லட்சம் ரூபாய் வீதம் 2,000 படகு என்று குறிவைத்து, மிகச் சிறு பங்கோடு நின்றது. கூட்டு ஏற்பாடு காகிதத்தில் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கொங்கு வட்டாரத்துக்கு அது நன்றாகத் தெரியும்: பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தத்தில் முப்பது ஆண்டுக்கொருமுறை மறுபரிசீலனை என்று எழுதி வைத்தும், 1988இல் வந்த முதல் தவணையே முடிவுக்கு வராமல் தமிழ்நாடும் கேரளமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆகவே பாக் நீரிணைக்கு எழுதும் ஏற்பாட்டில் ஆண்டுதோறும் கூடும் ஆணையம், அதில் இரு கரை மீனவருக்கும் இருக்கை, இழுவைமடியை ஒழிக்கத் தேதி, அந்தத் தேதிவரை இத்தனை படகு, இத்தனை நாள் என்ற எண் ஆகியவை ஒப்பந்த வாசகமாகவே இருக்க வேண்டும். பசிபிக்கில் மீதி நிற்கும் எல்லைகளுக்கு நிபுணர்களை அனுப்புபவர்களும் புள்ளிகளின் பட்டியலோடு இப்படி ஒரு இணைப்பையும் மேசையில் வைக்கட்டும். அதைப் பேசும் நாளில் அந்தத் தீவுகளின் மீனவர்களும் கூடத்துக்குள் இருக்கட்டும்.