கதையில் இல்லாத தாய்

இலக்கியம் நூல்களுக்குள் மாத்திரம் வாழ்வதன்று. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதைகள் மேடையிலும் சந்தையிலும் வீதியிலும் வழங்குகின்றன. அவற்றுக்கும் உருவமுண்டு, உள்ளடக்கமுண்டு. அவற்றை விளங்கிக்கொள்வதும் விமரிசகனின் கடமையே. அத்தகைய வீதிக்கதை ஒன்றினை இங்கு ஆராய முற்படுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், அரசாங்கப் பொறுப்பிலுள்ள பிள்ளைகளைப் பிறர் சுவீகாரஞ் செய்துகொள்ளுதற்கு உதவியாக நிதி திரட்டும் தருமநடையும் தருமஓட்டமுமே அக்கதை.

எமது பாடசாலைகளின் பழைய மாணவர் நடத்தும் நடைபவனிகளை அறிந்தோர்க்கு இதன் புறத்தோற்றம் புதியதன்று. 1970இல் ‘மார்ச் ஒஃப் டைம்ஸ்’ என்னும் அமைப்பு பெருந்தொகையான மக்களை நடக்கச் செய்து பணந்திரட்டத் தொடங்கிய பின்னர், நடந்து தருமஞ் செய்தல் அந்நாட்டில் ஊர்தோறும் பரவிய வழக்கமாயிற்று. 1995 முதல் தேசிய சுவீகார மாதமாகக் கொண்டாடப்படும் நவம்பரிற் பல ஓட்டங்கள் நிகழ்கின்றன. ஐந்து கிலோமீற்றர் தூரம், நுழைவுக் கட்டணம், மார்பில் ஓர் இலக்கம், முதுகில் உதவிய கொம்பனிகளின் பெயர்கள், கைவண்டியிற் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடும் இளந்தம்பதியர். இறுதிக்கோட்டைக் கடந்தவரின் முகத்தில் களைப்பும் நிறைவும் கலந்து தோன்றுகின்றன. அந்நிறைவு போலியானதென நாம் சொல்லவில்லை. அது எந்தக் கதையை நம்புவதால் விளைகின்றது என்பதே எமது வினா.

அக்கதை பழையது. யாருமற்ற பிள்ளை ஒன்று காத்திருக்கின்றது. நல்லுள்ளங் கொண்ட ஒருவர் வருகின்றார். வீட்டின் கதவு திறக்கின்றது. 1837 முதல் 1839 வரை தொடர்கதையாக வெளிவந்த டிக்கன்ஸின் ‘ஒலிவர் டுவிஸ்ட்’ இக்கதைக்கு நிலையான வடிவங் கொடுத்த நூல்களில் ஒன்று. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தைச் சாடி எழுந்த அந்நாவல், முடிவில் அச்சட்டத்தை மாற்றும் வழியை நாடாது, பிரவுண்லோ என்னுந் தனவந்தரின் வீட்டிலே சிறுவனைக் கொண்டு சேர்த்து அமைதியடைகின்றது. ஆனால் அம்முடிவுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு விலை கொடுக்கப்பட்டுவிட்டது. ஒலிவரைப் பெற்ற தாய், அவனைப் பெற்றவுடனே வறியோர் விடுதியில் இறந்துபோகின்றாள்.

1924இல் ஹரல்ட் கிரே அமெரிக்கப் பத்திரிகைகளில் வரையத் தொடங்கிய ‘அநாதைச் சிறுமி ஆனி’ என்னுஞ் சித்திரத் தொடரிலும் நிலைமை இதுவே. அங்கே மீட்பர், போர்த் தளபாடங்களால் பெருஞ் செல்வம் ஈட்டிய வோர்பக்ஸ் என்பவர். 1977இல் அது இசைநாடகமாக நியூயோர்க்கில் மேடையேறியபோது, பெற்றோர் திரும்பி வருவார்களென ஆனி நம்பியிருப்பதாகக் கதை அமைக்கப்பட்டது. அவர்கள் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்த பின்னரே செல்வரின் வீடு அவளுக்குச் சொந்த வீடாகின்றது. இது தற்செயலன்று, உருவத்தின் நியதி. பெற்றவள் உயிரோடிருந்தால் மீட்பின் கதை மங்களமாய் முடியாது. ஆகவே கதாசிரியன் அவளைக் கொன்றுவிடுகின்றான்.

கதையில் இது இயலும், வாழ்க்கையில் இயலுமா? 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வளர்ப்புப் பராமரிப்பில் ஏறத்தாழ 3,68,000 பிள்ளைகள் இருந்தனர். இவர்களுட் சுவீகாரத்துக்குக் காத்திருந்தோர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர். ஆனால் பராமரிப்பிலிருந்து வெளியேறுவோருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் திரும்பிச் செல்வது பெற்ற தாயிடமோ தந்தையிடமோதான். இப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். ஐந்தில் மூன்று பங்கினரது கோவையில் எழுதப்பட்டுள்ள காரணம் அடியன்று, வதையன்று; ‘கவனியாமை’ என்னும் ஒரு சொல். அச்சொல்லினுள் உண்மையான கொடுமையும் அடங்கும். போதைக்கு அடிமையான பெற்றோரின் அவலமும் அடங்கும். வாடகை கொடுக்க இயலாது வீடிழந்தவளின் வறுமையும், பிள்ளையைப் பார்க்க ஆளின்றி இரவு வேலைக்குச் சென்றவளின் நிர்ப்பந்தமும் அடங்கும். இவையனைத்தையும் ஒரே சொல்லால் மூடும் ஏற்பாட்டின் மேல், ஓட்டமானது மற்றுமொரு திரையை விரிக்கின்றது. ஒலிவரின் தாயை டிக்கன்ஸ் பிரசவத்திற் கொன்றார். இத்தாய்மாரை ஓட்டத்தின் கதை மௌனத்தாற் கொல்கின்றது.

இம்மௌனத்துக்கு வரலாறு உண்டு. 1853இல் நியூயோர்க்கில் சார்ல்ஸ் லோரிங் பிரேஸ் முதலியோர் நிறுவிய பிள்ளைகள் உதவிச் சங்கம், அடுத்த ஆண்டு தொடக்கம் நகரத்து ஏழைப் பிள்ளைகளைப் புகைவண்டியில் ஏற்றி மேற்கு மாகாணங்களின் கமக்காரர் குடும்பங்களுக்கு அனுப்பிற்று. 1929 வரை பல அமைப்புகள் நடத்திய இவ்வேற்பாட்டிலே ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகள் பயணஞ் செய்தனர். ‘அநாதைப் புகைவண்டி’ என்று அதனை அழைக்கின்றனர். ஆயினும் ஏறிய பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். வண்டி நின்ற ஊர்களிற் பிள்ளைகள் மேடையில் நிறுத்தப்பட்டனர். விரும்பியவர் விரும்பிய பிள்ளையைத் தெரிந்தெடுத்தனர். காத்திருக்கும் பிள்ளைகளின் அழகிய புகைப்படங்களைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் 2001இல் நியூ மெக்சிக்கோவில் தொடங்கியபோது, அதனைத் தொடங்கியோர் நல்லெண்ணம் உடையவரே. எனினும் மேடையின் நிழல் அச்சுவரிலும் விழவில்லையா?

1960இல் லூசியானா மாகாணத்தில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. ‘தகுதியான வீடு’ அன்று என்று காரணங் காட்டி, ஏறத்தாழ 23,000 பிள்ளைகளுக்குரிய உதவிப் பணத்தை அம்மாகாணம் நிறுத்திற்று. அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மணமாகாது பிள்ளை பெற்றமையே தாய்மார் மீது சாட்டப்பட்ட குற்றம். கடலுக்கு அப்பால் நியூகாசில் நகரத்துப் பெண்கள் அப்பிள்ளைகளுக்கு உதவி திரட்டி அனுப்பினர். 1961 சனவரியில் ஆர்தர் பிளெமிங் என்னும் அமைச்சர், வீடு தகுதியற்றதெனின் அதனைத் தகுதியாக்க வேண்டும், அன்றேல் பிள்ளையைத் தகுந்த இடத்தில் வைக்க வேண்டும், வாளா கைவிடலாகாது என்று விதித்தார். அவ்வாண்டே அகற்றப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசின் நிதி வழங்கப்படலாயிற்று. இரண்டு வழிகள் கூறப்பட்டன. பணம் பெருகிப் பாய்ந்தது இரண்டாவது வழியிலேதான். பிள்ளை தாயின் வீட்டில் இருக்கும்வரை சில்லறையாக வந்த பணம், அந்நியர் வீட்டை அடைந்தவுடன் தாராளமாயிற்று.

பின்னர் 1996இல் வறிய குடும்பங்களுக்கு உரிமையாக இருந்த உதவி ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டம், 22 மாதங்களில் 15 மாதம் பராமரிப்பில் இருந்த பிள்ளையின் பெற்றோருரிமையை நீக்குமாறு, சில விலக்குகள் தவிர, வழக்கிட வேண்டுமென்றது. முந்திய அளவை விஞ்சும் ஒவ்வொரு சுவீகாரத்துக்கும் மாகாணத்துக்கு 4,000 டொலர் ஊக்கத்தொகையும் வகுத்தது. இரண்டிலும் கையொப்பமிட்டவர் கிளின்டனே. 2018ஆம் ஆண்டின் சட்டம் குடும்பம் பிரியாதிருக்கும் பொருட்டுச் சில சேவைகளுக்கு நிதியைத் திறந்தது உண்மை. சிகிச்சைக்கும் போதனைக்கும் அதில் இடமுண்டு, வீட்டு வாடகைக்கு இடமில்லை.

இங்கு முற்போக்கு வாசகர் சிலர் எம்மை மறிக்கக்கூடும். பெற்றவளே உரியவள் என்பது பழமைவாதமன்றோ? பிரெக்ட் தமது ‘கோக்கேசிய வெண்கட்டி வட்ட’த்தில் வளர்த்தவளுக்கே பிள்ளையைக் கொடுக்கவில்லையா? 1967இல் ஹென்றி ஜயசேன சிங்களத்தில் ‘ஹுணுவடயே கதாவ’ என மேடையேற்றிய அந்நாடகத்தை எம் நாட்டவர் நன்கறிவர். வினா நியாயமானது. ஆனால் அந்நாடகத்திற் பெற்றவள் யார்? உடைகளைத் தெரிந்துகொண்டிருந்து பிள்ளையை விட்டு ஓடிய ஆளுநரின் மனைவி. சொத்துக்காக அவனைத் திரும்பக் கேட்பவள். வளர்த்தவளோ சமையற்கட்டுப் பணிப்பெண். அசடக் என்னும் நீதிபதி, செல்வத்தின் கையிலிருந்து உழைப்பின் கைக்குப் பிள்ளையை மாற்றுகின்றான். அமெரிக்க நீதிமன்றில் வட்டத்துக்குள் நிற்பவள் பெரும்பாலும் பணிப்பெண்ணே. அவள் இழுக்கும் வலிமையற்றவள். பிரெக்ட் இரத்தத்தை மறுத்தது உழைப்பின் பெயரால், வறுமையைக் குற்றமாக்குவதற்கன்று.

எனவே எமது கருத்தைத் தெளிவாக வைப்போம். திரும்பிச் செல்லவே இயலாத வீடுகள் உள்ளன. அடியுண்டு வந்த பிள்ளைக்கு வேறொரு வீடு வேண்டும். வளர்ந்த பிள்ளைகளையும், பிரியாதிருக்க விரும்பும் உடன்பிறப்புகளையும் ஏற்க ஆளின்றி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் எவருக்கும் உரியவராகாமலே வயதுவந்து வெளியேறுகின்றனர். இவர்களை ஏற்றுக்கொள்ளும் மனிதர் மதிப்புக்குரியவர். அவர்களுக்காக ஓடுபவரை நாம் ஏளனஞ் செய்யோம். அரசு செய்யவேண்டியதைச் செய்யாதபோது மனிதர் தம் கால்களையாவது நம்புகின்றனர். குறை கால்களில் இல்லை. அவற்றுக்குச் சொல்லப்படும் கதையில் உள்ளது.

நல்ல யதார்த்த இலக்கியம் பாத்திரத்தை அதன் சூழலோடு காட்டும். பிள்ளையை அதன் தாயோடும், தாயை அவளது கூலியோடும், கூலியை அதனைத் தீர்மானிப்போரோடும் சேர்த்துக் காட்டும். அந்த அளவுகோலையே வீதிக்கதைக்கும் வைக்கின்றோம். ஓட்டத்திற் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு, பிள்ளையை மீட்கப் போராடும் தாயின் வாடகைக்குச் செல்லுமா? அவளும் தொடக்கக் கோட்டில் நிற்க அழைக்கப்படுவாளா? முதுகில் பெயர் பொறித்த கொம்பனி தன் தொழிலாளிப் பெண்ணுக்கு வாழப்போதுமான கூலி கொடுக்கின்றதா? இவ்வினாக்களை ஓடுபவர்களே எழுப்பும் நாளில் அவ்வோட்டம் தருமமாக மாத்திரம் இராது, நீதிக்கான நடையாக மாறும். அதுவரை, இறுதிக்கோட்டின் கரகோஷத்துக்கு அப்பால், கதையில் இடம்பெறாத ஒருத்தி நிற்கின்றாள் என்பதை நினைவூட்டுவது விமரிசனத்தின் பணியாகும்.