குடத்துக்குள் விழாத பெயர்கள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் திருப்புலிவனம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் இங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலில் தட்சிணாமூர்த்தியைக் கும்பிட வருகிறவர்கள். அந்தக் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கல்வெட்டு பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் இறங்காமல் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். குடவோலைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் வரலாறோ பண்பாட்டுச் சுற்றுலாவோ படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் முதலில் மனப்பாடமாவது அந்தக் கல்வெட்டுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்திய ஊர், மக்களாட்சியின் தொட்டில் என்று பாடப்புத்தகம் சொல்லும், வழிகாட்டிகள் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரைச் சொன்னார். நாளைக்கு வழிகாட்டியாக வேலைக்குப் போகும் பெண்ணும் இதையே சொல்லியாக வேண்டும். நான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது இந்தக் கதையைத்தான்.

கதைக்கு ஆதாரமான கல்வெட்டுகள் இரண்டு. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். சபை முழுதும் பார்த்திருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓர் ஓலையை எடுக்கச் சொன்னார்கள். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்தில் விழாது. இன்றைக்கும் மதிக்க வேண்டிய ஏற்பாடுகள் இதில் உண்டு. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் யாருடைய பெயர் ஓலையில் ஏறியது? 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் தகுதிகள் இவை: வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையே இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். உத்திரமேரூர் அன்றைக்கு ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த நிலத்தை உழுதவர்களும் ஏரிக்கு மண் சுமந்தவர்களும் இந்தச் சபைக்கு வெளியே நின்றார்கள். பெண்கள் எல்லா வீட்டிலும் வெளியே நின்றார்கள்.

கல்வெட்டில் பெண்ணே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கணக்குக் காட்டாதவனோடு சேர்த்து அவன் உறவினர்களையும் விலக்கிவைக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாயோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன் என்று பட்டியல் நீள்கிறது. தாய், சிற்றன்னை, அத்தை, மனைவி, சகோதரி, மகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருத்தியும் தனக்காக வரவில்லை. ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிக்க உதவும் முடிச்சாகத்தான் அவள் தேவைப்படுகிறாள். ஓலை எடுக்கும் குழந்தைகூட ஆண் குழந்தைதான்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "அந்தக் காலம் அப்படித்தானே" என்பது. கலை வரலாறு படித்த மாணவி இந்தப் பதிலோடு திருப்தியடையக் கூடாது. காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கு நுழையும்போது முன்வரிசையில் சிறு சிறு கோயில்கள் நிற்கும். அவற்றில் ஒன்றைக் கட்டியவள் ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை. எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அவள் பெயரைச் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பல ஊர்களில் கோயில்களைக் கற்றளியாக்கினாள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் அக்காள் குந்தவையின் கொடைகளையும் வெட்டச் சொன்னான். அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்த வீடு அவளுக்கு, பங்குக்கு 100 கலம் நெல் என்பதெல்லாம் கல்லில் உண்டு. சோழர் காலக் கோயில் பெண்கள் பலர் கொடையாளர்களாகவே கல்வெட்டுகளில் வருகிறார்கள் என்பதை லெஸ்லி ஓர் 2000இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஆகவே பெண் பெயரை வெட்டக் கல் மறுத்த காலம் அல்ல அது. கொடுக்கும் கையாக, ஆடும் காலாக, விளக்குக்கு ஆடு விடுகிறவளாக அவள் பெயர் கல்லில் ஏறியது. முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் ஏறவில்லை. அந்த வாசலின் பூட்டு வேதம். அதன் சாவி பெண்களிடமோ மற்றச் சாதியாரிடமோ கொடுக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாத வழிகாட்டி, கல்வெட்டைப் பாதிதான் படித்திருக்கிறாள்.

சுற்றுலாவுக்காகப் பண்பாட்டைக் கற்பிக்கும்போது பெருமைகள் பட்டியலாகிவிடுகின்றன. எந்த மன்னன், எத்தனை ஆண்டு, எத்தனை அடி உயரம். பெண்ணுக்கு அந்தப் பாடத்தில் கிடைக்கும் இடம் பட்டுப்புடவை கட்டி, தட்டில் பூவும் சந்தனமும் ஏந்தி வாசலில் நிற்பது. அவள்தான் வரவேற்பு, அவளே காட்சிப்பொருள். விளக்கம் சொல்லும் வேலை வந்தாலும் ஆண்கள் எழுதிக்கொடுத்த வாசகத்தை அழகாக ஒப்பிக்க வேண்டும். தன்னை வெளியே நிறுத்திய ஒரு விதியைத் தன் வாயாலேயே மக்களாட்சி என்று புகழ வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு கிராமத்துப் பெண்ணிடம் நாம் கேட்பது இதுதானா?

இந்தச் சுவரை இன்றோடு வைத்துப் பார்ப்பதும் கலை வரலாற்றின் வேலைதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. ஆனால் "தலைவரோட வீட்டுக்காரர்" நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஊராட்சி அலுவலகங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு ஆண்களை இணைக்கும் முடிச்சாக இருந்தவள், இன்றைக்கு ஆண் ஏறி வரும் ஏணியாகிறாள். வேடிக்கை என்னவென்றால், உறவின் வழியாக அதிகாரம் கசியும் என்பதை உத்திரமேரூர்ச் சபை அறிந்திருந்தது. அதனால்தான் மைத்துனனையும் மருமகனையும் விலக்கிவைத்தது. மரபிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் நான் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்வேன்.

உண்மையைச் சொன்னால் சுற்றுலாப் பயணி வரமாட்டார் என்று பயப்பட வேண்டியதில்லை. வெறும் பெருமையைக் கேட்டவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தக் குடத்துக்குள் யார் பெயர் விழவில்லை என்று ஒரு பெண் கேட்டால், அவர் திரும்பி நின்று சுவரைப் பார்ப்பார். தன் ஊரை நினைப்பார்.

திருப்புலிவனத்து மாணவிகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. கல்வெட்டு எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற சுவருக்குப் போகும் முன், உங்கள் ஊர்க் கோயில் சுவரில் தொடங்குங்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், உழுதவர் யார், கையெழுத்திட்டவர் யார் என்று நான்கு பத்தி போட்டு நோட்டில் எழுதுங்கள். காலியாக நிற்கும் இடங்களையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை பயணிகள் வரும்போது, உங்களுக்கு எழுதிக்கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு அந்த நோட்டிலிருந்து பேசுங்கள்.