பெயர்ந்தோமா, பெயர்க்கப்பட்டோமா?

பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு நா சற்றுத் தயங்கும். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்த சிறுவர்களில் நானும் ஒருவன். நிவாரணப் பதிவிலும் பத்திரிகையிலும் நாங்கள் 'இடம்பெயர்ந்தோர்'. பருவம் பார்த்துப் பறவையும் இடம்பெயர்கிறதுதான்! வடக்கின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லில் அந்த எழுவாய்க்கு இடமில்லை.

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் ராஜீவ் காந்தி கொலை 'துன்பியல் சம்பவம்' ஆயிற்று. துன்பியல் என்பது நாடக மேடைக்குரிய சொல். மேடையில் விதி கொல்லும். ஆளைத் தேட வேண்டியதில்லை. எங்கள் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரும் பின்னர் அச்சொல்லையே கடன் வாங்கினர்.

அரசின் அகராதி இதைவிடத் தேர்ந்தது. 2009இல் போர் 'மனிதாபிமான நடவடிக்கை'. வவுனியா செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் மக்களை அடைத்த மெனிக் பாம் 'நலன்புரிக் கிராமம்'. அதன் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெரியார்களின் பெயரை வேறு சூட்டினார்கள்.

மென்சொல் தனக்கு, வன்சொல் பிறர்க்கு. 'துரோகி' என்று எழுதிவிட்டால் விசாரணை தேவையில்லை. மன்னார் மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிய எம்மவரை 2015இல் தென்னிலங்கை ஊடகங்கள் சில 'சட்டவிரோதக் குடியேற்றக்காரர்' என்றன. 'மீள்குடியேற்றம்' என்பதில் 'மீள்' என்ற ஈரெழுத்தை எடுத்துவிட்டால், வீடு திரும்பியவன் காணி பிடித்தவனாகிவிடுகிறான்.

நாமும் சுத்தமில்லை. புலிகள் செய்ததைத் 'தமிழர்' செய்ததாக எழுதிய எம்மவர் கதைகளை வாசித்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு அழுத பக்கத்து வீட்டு அம்மாவும் அந்த ஒரு சொல்லுக்குள் குற்றவாளியாகிப் போனார். கோபம் நியாயமானது, சொல் நியாயமானதல்ல.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 'காணாமற்போன ஆட்கள்' என்று பேசுகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று பதாகையில் எழுதினார்கள். யாரோ செய்தார்கள் என்பதையாவது அந்த வினை ஒப்புக்கொள்கிறது. அவர்கள் இலக்கணம் படித்துவிட்டு வந்தவர்களல்லர். படித்த நாம்தான் முப்பது ஆண்டுகள் கடந்தும் எங்கள் கதைகளை 'இடம்பெயர்வு இலக்கியம்' என்று வகைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.