ரப்பரின் முதுமை

துறைமுக லாரிகளின் பாரத்தை அன்றாடம் சுமக்கும் பட்டர்வொர்த் வட்டாரத்துப் பாகான் டாலாமில், 1985 ஜூலையில் அவதரித்த புரோட்டோன் சாகாவின் வம்சத்தைச் சேர்ந்த ஒரு பழைய கார் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எழுப்பும் ‘கடக்’ என்னும் சப்தத்தை, சங்கீத ரசிகர் அபஸ்வரத்தைப் பிடிப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டே இனம் காணும் பட்டறைக்காரர்களிடம் எனக்குத் தனி பக்தி உண்டு.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது சுருள்வில். தாங்கிய வில் ஓயாமல் துள்ளாதபடி, எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே நெருக்கி, துள்ளலின் சக்தியை உஷ்ணமாக்கி அடக்குவது ஷாக் அப்சோர்பரின் கைங்கரியம். பானட்டை அமுக்கி விட்டால் நல்ல வண்டி ஒருமுறை எழுந்து அடங்கும். தளர்ந்த வண்டியோ தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைதான்.

ஆயினும் என் மனத்தைக் கவர்வது, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே அமர்ந்து இருவர் கோபத்தையும் விழுங்கும் புஷ் என்ற அற்ப ரப்பர் வளையமே. இரண்டு லட்சம் கிலோமீட்டர் கண்ட வண்டியில் அது வெடித்துக் கிடப்பதில் வியப்பில்லை. புதியதைப் பொருத்துகையில், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவார் அவசரக்காரர்; தேர்ந்த கையோ, வண்டியின் முழுப் பாரமும் சக்கரங்களின்மீது அமர்ந்த பின்னரே கடைசி முறுக்கைக் கொடுக்கும். இல்லாவிடில், தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே நின்று, அகாலத்தில் கிழியும். இந்தப் பொறுமைக்குக் கூலிச்சீட்டில் தனிக் கணக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

அவ்வாறு செப்பனிட்ட வண்டியில் அண்மையில் பினாங்குப் பாலத்தைக் கடந்தேன். பாலத்து இணைப்புகளில் சக்கரங்கள் எழுப்பிய மெல்லிய ‘தப் தப்’ ஒன்றே கேட்டது.