கிண்ணத்துக்குப் பசிக்காது

1968-இல் அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டின் குழுவினர் ஹர்லர் நோயுள்ள ஒருவரின் தோல் செல்களையும் ஹன்டர் நோயுள்ள ஒருவரின் தோல் செல்களையும் கலந்து வளர்த்தார்கள். இரண்டிலும் தேங்கிக் கிடந்த சர்க்கரைச் சங்கிலிகள் கரையத் தொடங்கின. ஒன்றிடம் இல்லாததை மற்றது சுரந்து கொடுத்தது. செல்லின் கழிவைச் சிதைக்கும் அறையான லைசோசோம் பழுதுபட்ட இத்தகைய நோயுள்ள குழந்தைகளுக்கு இன்று சிரை வழியே ஏற்றும் நொதி மருந்துகளுக்கு வேர் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

ஆனால் தோல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஃபினைல்கீட்டோனூரியாவில் பழுதாகும் நொதி கல்லீரலுக்கு உரியது. தோலில் தேடினால் கிடைக்காது. செல்லில் கொழுப்பு தேங்கும் லைசோசோம் நோயான கோஷே மூளையைத் தாக்கினால், அந்தக் குழந்தையின் நரம்பணுவைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வழியில்லை. எலிகளும் முழுமையாக உதவவில்லை. கோஷே மரபணுவை அறவே செயலிழக்கச் செய்த எலிக்குட்டிகள் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்தன. லெஷ்-நைஹன் நோயின் மரபணுவை இழந்த எலிகளோ நன்றாகவே நடமாடின; அந்த நோயுள்ள சிறுவர்களைப் போலத் தம்மைத் தாமே கடித்துக் காயப்படுத்திக்கொள்ளவில்லை.

இந்த இடைவெளிக்குள் வந்ததுதான் ஷின்யா யமனாக்காவின் கண்டுபிடிப்பு. முதிர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது கருநிலைக்குத் திரும்பி ஸ்டெம் செல் ஆகிறது. அங்கிருந்து அதை நரம்பணுவாகவோ கல்லீரல் செல்லாகவோ வளர்த்தெடுக்கலாம். 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் இது நடந்தது. 2008-இலேயே ஹார்வர்டில் ஜார்ஜ் டேலியின் குழு பத்து நோய்களுக்கு நோயாளிகளிடமிருந்தே இத்தகைய செல்களை உருவாக்கியது. கோஷே அவற்றில் ஒன்று. 2010-இல் கேம்பிரிட்ஜில் லுடோவிக் வாலியேயின் குழு, பரம்பரையாக வரும் பல கல்லீரல் வளர்சிதை மாற்றக் கோளாறுகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்தது. கிளைகோஜன் சேமிப்பு நோயாளியின் செல்லில் கிளைகோஜன் குவிந்தது. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாட்டில் புரதம் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. மறு ஆண்டு அந்தப் புரதத்துக்குரிய மரபணுவில் பிழையான ஒற்றை எழுத்து திருத்தப்பட்டது. திருத்திய செல்லில் புரதம் சரியாக உருவானது. இந்த முறையின் உண்மையான பலம் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரே ஆளின் செல்கள், ஒரே ஒரு எழுத்து வேறுபாடு: இவ்வளவு துல்லியமான ஒப்பீட்டை மனிதர்களை வைத்துச் செய்யவே முடியாது.

கோஷேயில் கிடைத்த பலன் இன்னும் பெரிது. இந்த நோயின் மரபணுப் பிழை பார்க்கின்சன் நோயாளிகளிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2009-இல் உறுதி செய்தது. காரணம் தெரியவில்லை. 2011-இல் பாஸ்டனில் கோஷே நோயாளிகளின் தோலிலிருந்து ஆக்கிய நரம்பணுக்களை ஆராய்ந்தபோது ஒரு நச்சு வட்டம் தெரிந்தது. சிதைக்கப்படாமல் தேங்கும் கொழுப்பு, ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தைத் திரளச் செய்கிறது. திரண்ட புரதம் எஞ்சியிருக்கும் நொதியும் லைசோசோமுக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. ஒரு அரிய நோயின் குடும்பங்கள் கொடுத்த செல்கள், முதியவர்களின் பரவலான நோய் ஒன்றுக்கு வாசல் திறந்தன.

மருந்து தேடும் வேலையில் எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. பரம்பரைக் கொழுப்பு மிகை நோயாளியின் செல்லிலிருந்து ஆக்கிய கல்லீரல் செல்களில் அமெரிக்காவில் ஸ்டீபன் டங்கனின் குழு ஏறக்குறைய 2,300 மூலக்கூறுகளைச் சோதித்தது. 2017-இல் வெளியான முடிவு வியப்பானது: டிஜாக்சின் போன்ற பழைய இதய மருந்துகள், கெட்ட கொழுப்பைச் சுமக்கும் ஏபோ-பி புரதத்தைக் குறைத்தன. எலியின் கல்லீரல் ஏபோ-பி-யை மனிதக் கல்லீரலைப் போலக் கையாளாது என்பதால், இந்தத் தேடலுக்கு மனிதச் செல்தான் சரியான களம். கிண்ணத்தோடு நிற்காமல் மனிதக் கல்லீரல் செல்கள் பொருத்திய எலிகளையும், இந்த மருந்துகளை உட்கொண்டவர்களின் மருத்துவப் பதிவுகளையும் பார்த்தது அந்தக் குழுவின் நேர்மை. ஆயினும் டிஜாக்சினில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. கிண்ணத்தில் இதயம் இல்லை. ஆகவே அந்த ஆபத்தை அது காட்டாது.

வளர்சிதை மாற்ற நோய்களுக்கே உரிய பெரிய சிக்கல் இதிலிருந்துதான் கிளம்புகிறது. இந்த நோய்கள் பல உறுப்புகளுக்கு இடையே நடப்பவை. ஃபினைல்கீட்டோனூரியாவில் குற்றம் கல்லீரலில், தண்டனை மூளைக்கு. பட்டினியில் கொழுப்பை ஆற்றலாக்க இயலாத எம்கேட் குறைபாடுள்ள குழந்தை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கும். காய்ச்சல் வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்து நினைவிழந்துவிடும். நோய் வெளிப்படுவதே பட்டினியில்தான். கிண்ணத்துக்குப் பசி என்பதே கிடையாது. ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் ஒரு வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது; உண்ணாதிருப்பவரின் இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரவும் பகலும் விருந்தில் மிதக்கும் செல்லை வைத்துக்கொண்டு பட்டினி நோயை ஆராய்ந்தோம் என்று எழுதும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

இன்னொரு குறை, முதிராமை. இப்படி ஆக்கிய கல்லீரல் செல்கள் கருவிலிருக்கும் சிசுவின் கல்லீரலை ஒத்தவை. பிறந்தபின் அடங்க வேண்டிய ஆல்ஃபா-ஃபீட்டோபுரதத்தை அவை தொடர்ந்து சுரக்கின்றன. மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளும் குறைவு. அம்மோனியாவை யூரியாவாக்கும் யூரியா சுழற்சியில் கோளாறுள்ள நோயாளியின் செல் குறைவாக யூரியா தயாரித்தால், காரணம் நோயா, முதிராமையா? எழுத்துத் திருத்திய இணைச் செல்லை அருகில் வைக்காதவரை இதற்கு விடை கிடையாது. அரிய நோய் ஆய்வுகளில் ஓரிரு நோயாளிகளின் செல்களே கிடைப்பதால் சிக்கல் முற்றுகிறது. பிரிட்டனின் ஹிப்சை திட்டம் 301 ஆரோக்கியமானவர்களிடமிருந்து 711 செல்வரிசைகளை உருவாக்கி ஆராய்ந்தது. செல்களின் வெவ்வேறு பண்புகளில் காணும் வேறுபாட்டில் 5 முதல் 46 விழுக்காடு வரை ஆளுக்கு ஆள் மாறும் இயல்பிலிருந்தே வந்தது என்றது 2017-இல் வெளியான அறிக்கை. ஒரு நோயாளி, ஒரு ஆரோக்கியமானவர் என்ற ஒப்பீட்டில் தெரிவது நோய்தான் என்று எப்படிச் சொல்வது?

காலமும் இடிக்கிறது. செல்லைத் திருப்பி, சோதித்து, மறுபடி வளர்த்தெடுக்கப் பல மாதம் ஆகும். 2025-இல் பிலடெல்பியாவில், யூரியா சுழற்சிக் கோளாறோடு பிறந்த ஒரு குழந்தைக்கென்றே தனி மரபணுத் திருத்த மருந்து ஆறே மாதத்தில் தயாரானது. அந்தப் பிழையைப் புகுத்திய, முன்பே கைவசமிருந்த கல்லீரல் செல்வரிசையிலும் எலிகளிலும் அதைச் சோதித்தார்கள்; குழந்தையின் செல்லைத் திருப்பி வளர்க்கக் காத்திருக்கவில்லை. நீமன்-பிக் சி என்ற லைசோசோம் நோய்க்கு 2024-இல் அமெரிக்கா அனுமதித்த இரண்டு மருந்துகளில் ஒன்றான லெவஅசிட்டைல்லூசின், பிரான்சில் தலைச்சுற்றலுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்த மருந்தின் ஒரு கூறு. தள்ளாட்டமுள்ள நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்களின் கவனிப்பிலிருந்து அது வந்தது, கிண்ணத்திலிருந்து அல்ல.

எனவே என் தீர்ப்பு இந்த முறைக்கு எதிரானது அல்ல. அதன் எல்லையைப் பற்றியது. கழிவு தான் உருவான செல்லிலேயே தேங்கி அதைக் கெடுக்கும் லைசோசோம் நோய்களில் கிண்ணம் நல்ல சாட்சி. நச்சு ஓர் உறுப்பிலிருந்து கிளம்பி மற்றோர் உறுப்பைத் தாக்கும் நோய்களில் அதன் சாட்சியத்தைத் தனியாக ஏற்கக் கூடாது. இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: இது ஆராயும் முறை, சிகிச்சை அல்ல. அங்கீகரித்த ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்; இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான குருதி ஸ்டெம் செல் மாற்று மட்டுமே விலக்கு. இந்த வேறுபாடு தெரியாத பெற்றோரிடம் நம்பிக்கையை விற்றுக் காசு பார்ப்பது கொடுமை.

யாருடைய செல் என்பதும் முக்கியம். அஷ்கெனாசி யூதர்களிடம் பரவலான கோஷே பிழை என்370எஸ். அது இருந்தால் மூளை பெரும்பாலும் தப்புகிறது. இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது எல்444பி. மரபணுவின் இரு பிரதியிலும் அது இருந்தால் மூளை தாக்கப்படும் வாய்ப்பு அதிகம். கோஷேவுக்குச் சிரை வழியே ஏற்றும் நொதி மூளைக்குள் நுழைவதில்லை. இந்தியாவின் அரிய நோய்க் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு அரசு தரும் உச்ச உதவி 50 லட்சம் ரூபாய். ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்துக்கு அது வெகுநாள் தாங்காது. உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கும் தமிழ்நாட்டில் இரு பிரதியிலும் ஒரே பிழையோடு பிறக்கும் வாய்ப்பும் கூடுதல். வேலூரில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது, இத்தகைய செல்களை ஆக்கும் திறனும் இருக்கிறது. இங்கே முதலில் சேகரிக்க வேண்டியவை எல்444பி குடும்பங்களின் செல்கள்: ஒன்றிரண்டு அல்ல, பல குடும்பங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் திருத்திய இணையோடு, அந்தச் செல்கள் எங்கே போகும், எவ்வளவு காலம் வாழும் என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிப் பெற்ற ஒப்புதலோடு.