தகவலாளி எண் 4

சேத்துப்பட்டில் பட்டுத் தறிக்குத் தார் சுற்றும் பெண்களின் பாடல்களைப் பற்றி மாணவி ஒருத்தி எழுதிய ஆய்வேட்டு வரைவு என்னிடம் வந்தது. நல்ல உழைப்பு. பேராசிரியர்களின் பெயர், நூல், பதிப்பாண்டு, பக்க எண் எல்லாம் அடிக்குறிப்புகளில் பிசகில்லாமல் இருந்தன. பாடல்களைத் தந்த பெண்கள் பின்னிணைப்பில் ‘தகவலாளி எண் 1’ முதல் ‘எண் 9’ வரை இருந்தார்கள். ஓர் இயல் முழுவதற்கும் ஆதாரமானவர் ‘எண் 4, வயது 62’. பாடலுக்குப் பொருள் சொன்னவரும் அவரே. அந்தப் பொருள் ‘இதனால் அறியலாகிறது’ என்று ஆய்வாளரின் கண்டுபிடிப்பாக மாறியிருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. இந்த வரைவு அந்தச் சோதனையில் எளிதாகத் தேறியது. மென்பொருள் எழுத்தில் உள்ளதோடுதான் ஒப்பிடும். ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டது அதற்குத் தெரியாது.

இது பழைய வழக்கம். 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவையில் தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனம்’ எழுதிய முத்துப்பழனி, தன் பாட்டி வழியாக வந்த மரபை நூல்முகத்தில் சொல்லியிருந்தார். 1887ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடைசெய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. நாம் தடையைப் பற்றியே பேசுகிறோம். தான் யார் வழி வந்தவள் என்று ஒரு பெண் எழுதிய பக்கம் வெட்டப்பட்டதையும், இன்னொரு பெண் அதை மீட்டதையும் பேசுவதில்லை. மேற்கோள் நெறிக்கு எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் அதுதான்.

பெயரை எழுதும் முறையிலும் சிக்கல் உண்டு. துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் ‘குடும்பப் பெயர்’ கேட்கிறது. நம்மில் பலருக்கு அது கிடையாது. மாணவிகள் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அங்கே இட்டுவிடுகிறார்கள். எழுதியவள் அகர வரிசையில் ஓர் ஆணின் பெயருக்குப் பின்னால் போய்விடுகிறாள். ஆங்கிலத்தில் ‘தி ஃபேஸ் பிஹைண்ட் தி மாஸ்க்’ (1984) எழுதிய சி.எஸ். லட்சுமியும் கதைகள் எழுதும் அம்பையும் ஒருவரே என்று ஒரு வரி சேர்க்காவிட்டால், பட்டியலில் அவர் இரண்டு பேர்.

மாணவியிடம் ஒன்றுதான் கேட்டேன்: “எண் 4 தன் பெயர் வேண்டாம்னு சொன்னாங்களா?”

“நான் கேட்கலைங்க மேடம். எல்லா ஆய்வேட்டிலும் எண்தான் போட்டிருந்தது.”

பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் மறைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். பெயர், ஊர், பாடிய நாள், எது அவர் சொன்ன விளக்கம், எது உன்னுடையது என்று பிரித்து எழுது என்றேன்.

அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வந்தாள். அந்த அம்மா பெயரைப் போடச் சொல்லிவிட்டாராம். கூடவே, பாட்டைச் சொல்லிக்கொடுத்த தன் மாமியாரின் பெயரையும் எழுதச் சொன்னாராம்.